ராஜாவுக்குப் போட்ட பொன்னாடை

சார், இந்தப் பெட்டி உங்க முழங்கால்ல இடிக்குதா? இடிச்சா சொல்லுங்க, நான் மடியில வச்சுக்கறேன். பெரிய பெட்டிய கண்டக்டர் பின்னாடி டிக்கியில போட்டுட்டாரு. இது கைப்பெட்டி. இத மட்டும் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன். சிரிக்காதீங்க, தங்கமெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒரு கவர் இருக்கு. அதப் பத்தி அப்பறம் சொல்றேன்.

லண்டன்லேருந்து வர்றேன் சார். லண்டன்னு சொன்னாத்தான் நம்மாளுக்குப் புரியும், ஆனா லண்டன் இல்ல. அங்கேருந்து ரயில்ல மூணு மணி நேரம் போகணும். ஊர் பேரு என் வாயில நுழையாது. பொண்ணு வீடு. மூணு மாசம் இருக்கறதாத்தான் போனேன். ஆறு வாரத்துல இருப்புக் கொள்ளல, தேதிய மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். காலைல மதுரையில எறங்கி, மாட்டுத்தாவணி வந்து இந்த பஸ்ஸப் புடிச்சேன். வீட்டுல டாக்ஸி அனுப்பறேன்னா. வேணாம்னுட்டேன். டாக்ஸிக்காரன் ஒரு மணி நேரத்துல வாசல்ல கொண்டாந்து விட்டுருவான். எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும் சார்.

நீங்க காரைக்குடி வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு. நான் திருப்பத்தூர்ல எறங்கிருவேன். மேலூரே இன்னும் வரல, பேசிக்கிட்டே போகலாம்.

எங்க கடைய நீங்க பாத்திருப்பீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, நாகஜோதி சவுண்ட் சர்வீஸ். பந்தல், மைக் செட், சீரியல் லைட்டு, எல்லாம் உண்டு. நாகஜோதி என் பொண்ணு. ஒரே பொண்ணு. அவ பொறந்த வருஷம் கடை ஆரம்பிச்சேன், அவ பேரையே வச்சுட்டேன். என் பேரு மாயழகு.

எங்க கோயில் திருவிழாவுல நாடகக் கமிட்டித் தலைவர் இருபத்திரெண்டு வருஷமா நான்தான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம்னு ஆள் பேசறதுலேருந்து, மேடையில மைக்கப் புடிச்சு மரியாதை செய்யறது வரைக்கும் எல்லாம் நான். மரியாதைன்னா உங்களுக்குத் தெரியும்ல? நாடகம் பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கும். ராஜபார்ட் ஒரு பாட்ட முடிச்சு மூச்சு வாங்குவாரு. அந்த எடம் பாத்து நான் மைக்ல, 'ரசிகப் பெருமக்களே, நம்ம ராஜபார்ட் அண்ணன் அவர்களுக்கு அரிசிக்கடை சொக்கலிங்கம் அவர்கள் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறார்'ம்பேன். சொக்கலிங்கம் மேடை ஏறிப் போத்துவாரு. ராஜபார்ட் ஒரு கும்பிடு போட்டுட்டு, பொன்னாடையோடயே அடுத்த வசனத்தப் பேசுவாரு. கூட்டமும் கைதட்டும். யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. ஒரு கலைஞனுக்கு அதுதான சார் மரியாதை? நீங்களே சொல்லுங்க.

இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு நாடகத்த நான் கீழ உக்காந்து முழுசாப் பாத்ததே கிடையாது. ஓரமா நின்னுக்கிட்டு, அடுத்து யாரு, யார் பேரு விட்டுப் போச்சு, யாரு கோவிச்சுக்குவான், இதுதான் ஓடும். பாக்கறதுக்கு நேரம் ஏது? பெருமைக்குத்தான் சொல்றேன்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. நம்ம ஆளுக்குக் கடைசியிலதான் மரியாதை. ஊரானுக்கு மொதல்ல. என் மச்சான் ஒரு வருஷம் இருநூறு ட்யூப் லைட்டு குடுத்தான், அவன் பேரக் கடைசியிலதான் வாசிச்சேன். இன்னிக்கு வரைக்கும் முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான். இருக்கட்டும். நாலு பேரு நம்மளப் பாத்துச் சொல்லக்கூடாதுல்ல?

ஜோதி எட்டாவது படிக்கையில பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. பெற்றோர் சங்கத் தலைவரும் நான்தான், மைக் செட்டும் நம்முது. வந்த அதிகாரிக்கு நேரமாச்சு, அவரு அடுத்த ஊருக்குப் போகணும். இன்னும் ஒரே ஒரு நாடகம் பாக்கி. அது ஜோதி நடிக்கறது. நான் என்ன பண்ணேன், மைக்ல, 'நேரமின்மை காரணமா அடுத்த நிகழ்ச்சி ரத்து செய்யப்படுகிறது'ன்னுட்டேன். அதிகாரிக்குப் பொன்னாடை போட்டு அனுப்பி வச்சேன். வேற பிள்ளைங்க நாடகமா இருந்தா அஞ்சு நிமிஷம் இழுத்திருப்பேன், உண்மையச் சொல்றேன். எம் பொண்ணுதுங்கறதாலதான் நிறுத்தினேன். முகம் பூரா பவுடர அப்பிக்கிட்டு, ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னுச்சு. அழுதுச்சு. சின்னப் பிள்ளைதான, மறந்துரும்.

ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது.

...வீட்டுலதான். எங்க வர்றீங்கன்னா. மேலூர் தாண்டிட்டேன்னு சொன்னேன். தாண்டலல்ல? பரவால்ல, தாண்டிருவோம்.

அவ பேரு பஞ்சவர்ணம். ரெண்டு முட்டியும் ஆப்பரேஷன் பண்ணிருக்கு, அவளால ஏரோப்பிளேன்ல உக்கார முடியாது. அதுனாலதான் நான் மட்டும் போனேன். கிளம்பறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'நம்ம பிள்ள நாடகத்துல நடிக்கப் போகுதாம். போன்ல படம் புடிக்க விட மாட்டாங்களாம். நீங்க பாத்து, அவ என்ன பேசுனாங்கறத ஒரு வார்த்தை விடாம வந்து எனக்குச் சொல்லணும்'னா. நாப்பது வருஷத்துல அவ என்கிட்ட பெருசா எதுவும் கேட்டதில்ல சார்.

விஷயம் அதுதான். ஜோதி அங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்-ரே எடுக்கற வேலை. மாப்ள சுதர்சன் கம்ப்யூட்டர்ல. நல்ல மனுசன், வாயத் தெறக்க மாட்டாரு. அந்த ஊர்ல ஒரு நாடக மன்றம் இருக்கு. எல்லாம் சாதாரண ஆளுங்க. தபால்காரர், பல் டாக்டர், பூக்கடைக்காரம்மா. வருஷத்துக்கு ஒரு தடவ கோடையில பழைய நாடகம் ஒண்ணு போடுவாங்க. நானூறு வருஷத்து நாடகமாம். வெட்டவெளியில. இவ ரெண்டு வருஷமா அதுல போயிட்டிருக்கா. 'நாகா, நாகா'ங்கறான் எல்லாரும். சீன் தூக்கறது, துணி தேய்க்கறதுன்னு இருந்தவளுக்கு இந்த வருஷந்தான் மொத மொதல்ல ஒரு வேஷம்.

என்ன வேஷம்னு கேளுங்க. ராணியா? இளவரசியா? இல்ல. கோட்டைக் காவக்காரன் பொண்டாட்டி! ஒரே ஒரு சீன். எனக்கு முகம் சுண்டிப் போச்சு. 'உன் கலருக்குக் குடுத்த வேஷமாம்மா இது'ன்னு கேட்டுட்டேன். 'இல்லப்பா, நான்தான் கேட்டு வாங்கினேன். நாப்பது வரி இருக்கு. அது நாடகத்துலயே நல்ல எடம்'னா. நாப்பது வரிய மூணு மாசமாப் படிக்கறா. தோசைக் கல்லுகிட்ட நின்னு முணுமுணுங்கும். நான் ஏதோ ஸ்லோகம்னு நெனச்சுக்கிட்டேன். துணி மடிக்கையில, பாத்திரம் கழுவையில, அதே முணுமுணுப்பு. ஒரு நாள், 'அப்பா, சொல்லிக் காட்டட்டுமா, தமிழ்ல அர்த்தம் சொல்றேன்'னா. 'நேர்ல பாத்துக்கறேன்ம்மா, இப்பயே கேட்டா சுவாரஸ்யம் போயிரும்'னேன். அப்ப கடையிலேருந்து போன் வந்துச்சு சார், ஒரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் போகலன்னு.

கதை என்னன்னா, ஒரு ராஜா. வயசானவரு. யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. பொழுது சாஞ்சா கோட்டைக் கதவப் பூட்டி, சாவியத் தன் இடுப்புல சொருகிக்குவாரு. வெளியில சொந்த மகனே வந்து தட்டினாலும் தெறக்க மாட்டாரு. ஆனா தெனமும் விடிஞ்சு பாத்தா கதவு தெறந்து கிடக்கும். யாரு தெறக்கறதுன்னு தேடித் தேடி, ஒவ்வொருத்தனையா சந்தேகப்பட்டு விரட்டிருவாரு. கடைசியில இந்தக் காவக்காரன் பொண்டாட்டி கையில லாந்தரோட வந்து, நான்தான் தெறந்தேன்னு சொல்லுவா. அவ ஏன் தெறந்தா, அதச் சொல்றதுதான் அந்த நாப்பது வரி. இவ்வளவும் மாப்ள கார்ல போறப்ப சொன்னது.

இதுக்கும் பொன்னாடைக்கும் என்னன்னா கேக்கறீங்க? வர்றேன், வர்றேன். நான் எங்க போனாலும் நாலு பொன்னாடை எடுத்துட்டுப் போறது வழக்கம். யாருக்கு எப்பத் தேவைப்படும்னு சொல்ல முடியாது. கார்ல பைய வைக்கறத ஜோதி பாத்துட்டா. காலைலயே கூப்ட்டு, 'அப்பா, இங்க அதெல்லாம் வழக்கமில்ல. ப்ளீஸ்ப்பா. நீங்க சும்மா உக்காந்து பாத்தாப் போதும்'னா. சரிம்மான்னேன். பை கார்லயே இருக்கட்டும்னுட்டேன். நான் வார்த்தைய மீறற ஆள் இல்ல சார்.

அங்க போய்ப் பாத்தா மேடையே கிடையாது. பழைய மடம் ஒண்ணு இடிஞ்சு கிடக்கு, கருங்கல் சுவர். அதுதான் கோட்டை. அதுக்கு முன்னாடி புல்தரை, அதுதான் மேடை. மைக் கிடையாது சார்! நான் சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் இல்ல, ஒயர் இல்ல. சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம், வெயில் சுள்ளுன்னு அடிக்குது. நாடகம்னா விளக்கு வேணாமா? ஜனங்க போர்வைய விரிச்சு, கூடையத் தெறந்து, ஆப்பிளும் ரொட்டியும் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கு.

எங்களுக்கு நாற்காலி. ஜோதி முன்னாடியே சொன்னா. 'ரெண்டாவது வரிசையில நடைபாதை ஓரமா உங்களுக்கு எடம் போட்டிருக்கேன்ப்பா. நான் வந்து நிக்கற எடத்துலேருந்து நிமிந்தா நேரா நீங்கதான் தெரிவீங்க'ன்னு. ஓரத்து எடம்னா நடுவுல எந்திரிச்சுப் போக வசதிதான்னு நானும் சந்தோஷப்பட்டேன்.

உக்கார முடியல சார். நம்மளால முடியாது. ராஜா வர்றாரு, பேசறாரு, போறாரு. யாரும் அவரு பேரச் சொல்லல, ஊரச் சொல்லல. நல்லாப் பேசினா ஒரு கைதட்டுக் கூட கிடையாது, எல்லாம் முடிஞ்சுதான் தட்டுவாங்களாம். அந்த ராஜா வேஷக்காரரு யாருன்னு நெனைக்கறீங்க? ரிட்டயர்டு தபால்காரர். கென்னத்துன்னு பேரு. எழுபத்தாறு வயசு. குரல் இருக்கே சார், மைக் இல்லாம கடைசி வரிசை வரைக்கும் போகுது. நான் முப்பத்தஞ்சு வருஷமா மைக் செட் வச்சிருக்கேன், எனக்குத் தெரியும் குரலோட மதிப்பு. ஒரு தடவ எந்திரிச்சு ஓரமா நின்னு பாத்தேன். மாப்ள கையப் புடிச்சு உக்கார வச்சாரு. திருப்பி ஒரு தடவ பாத்ரூம் போனேன். திருப்பி ஒரு தடவ தண்ணி குடிக்க. பின்னாடி வரிசைக்காரன் உச்சுக் கொட்டினான்.

இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல மழை புடிச்சுச்சு. நம்ம ஊரா இருந்தா என்ன பண்ணுவோம்? நிறுத்திருவோம். தார்ப்பாய எடுத்து செட்ட மூடுவோம். அங்க யாரும் அசையல. குடை விரிக்கக்கூடாதாம், பின்னாடி இருக்கறவனுக்கு மறைக்குமாம். ஆளாளுக்குப் பிளாஸ்டிக் கோட்ட மாட்டிக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கான். அந்தப் பெரியவரு நடு மழையில நின்னு வசனம் பேசறாரு. தாடியிலேருந்து தண்ணி சொட்டுது. தொண்டை கரகரங்குது, விடல. எழுபத்தாறு வயசு சார்!

எனக்குத் தாங்கல. ஒரு கலைஞன மழையில நனைய விட்டுட்டு, முந்நூறு பேரு சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா? மாப்ளகிட்ட, 'கார் சாவியக் குடுங்க, குளிருது, சால்வை எடுத்துட்டு வந்துர்றேன்'னேன். அவரு, 'மாமா, ஜோதி வந்துருவா. அடுத்த சீன்தான்'னாரு. 'அதுக்குள்ள வந்துருவேன் மாப்ள'ன்னேன். அஞ்சு நிமிஷ வேலைதான சார்.

கார்லாம் தூரத்துல ஒரு புல்வெளியில நிக்குது. எல்லாக் காரும் ஒரே சாம்பல் கலர். இவங்க கார் எதுன்னு தெரியல, சாவிய அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், எங்கயோ ஒரு கீச்சுச் சத்தம் கேக்குது, அங்க போனா அது இல்ல. பத்து நிமிஷம் ஆயிருக்கும். சரி, பதினஞ்சுன்னு வச்சுக்கங்க. பையத் தேடி, நல்லதா ஒண்ண எடுத்தேன். மெரூன் கலர், ஜரிகை போட்டது. ஓட்டமா ஓடியாறேன். தூரத்துல வர்றப்ப ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு. கூட்டம் ஒரு தடவ கொல்லுன்னு சிரிச்சுச்சு. அப்பறம் அந்தக் குரல் தணிஞ்சு போச்சு. நான் கிட்ட வந்தப்ப ஒரே அமைதி. மழைச் சத்தம் மட்டுந்தான்.

ராஜா நிக்கறாரு. எதுக்க முக்காடு போட்ட ஒரு பொம்பள, கையில லாந்தரு. ரெண்டு பேரும் பேசல. நான் ஓரமா ஒரு வினாடி நின்னு பாத்தேன். யாரும் பேசல. நான் பேச்சுக்கு நடுவுல போற ஆள் இல்ல சார், அது அநாகரிகம். மூச்சு வாங்கற எடம் பாத்துத்தான் போவேன். இதுதான் எடம்னு தெரிஞ்சு போச்சு. விறுவிறுன்னு புல்தரையில ஏறிட்டேன். அந்தப் பொம்பளையத் தாண்டித்தான் போனேன். தாண்டறப்பத்தான் பாத்தேன், ஜோதி. என்னைப் பாத்தா. நான் கண்ணாலயே, இரும்மா, ஒரு நிமிஷம்னு காட்டினேன்.

மைக் இல்லியே, என்ன பண்றது. சத்தமாவே சொன்னேன். 'அண்ணன் கென்னத் அவர்களுக்கு, திருப்பத்தூர் நாகஜோதி சவுண்ட் சர்வீஸ் சார்பாக!' தமிழ்லதான். சொல்லிப் போத்தினேன்.

அந்த மனுசன் அசரல சார். ஒரு பார்வை என்னைப் பாத்தாரு, பொன்னாடையப் பாத்தாரு. தலையக் குனிஞ்சு ஏத்துக்கிட்டாரு. கலைஞன்னா அதான். அதோட விட்டிருந்தா எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அவரு என்ன பண்ணாரு தெரியுமா? மெதுவா அந்தப் பொன்னாடைய எடுத்தாரு. ரெண்டு எட்டு வச்சு ஜோதிகிட்டப் போயி, அவ தோள்ல போத்தி விட்டாரு. முன்னாடி இழுத்து மூடியும் விட்டாரு, நனையாம. அப்பறம் அவ கையிலேருந்து லாந்தர வாங்கிக்கிட்டு, கோட்டை வாசல் வழியா வெளிய போயிட்டாரு.

எனக்கு எப்படி இருக்கும்? ஒருத்தனுக்குப் போட்ட மரியாதைய அவன் கழட்டி, பக்கத்துல நிக்கறவளுக்குப் போட்டா அதுக்கு என்ன சார் அர்த்தம்? அதுவும் எம் பொண்ணுக்கே! ஜனங்க என்னன்னு நெனைக்கும்? நானே ஆளப் புடிச்சுப் போடச் சொன்னேன்னு நெனைக்க மாட்டானா? கூட்டம் மொத்தமா எந்திரிச்சுத் தட்டுது. நாடக மன்றத்து ஆளு, கருப்புச் சட்டை போட்ட ஒரு பொம்பள வந்து என் முழங்கையப் புடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போயிருச்சு. ஜோதி அங்கயே நின்னு அழுதா. பொன்னாடைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதா. அடேயப்பா, என்னமா நடிக்கறான்னு நெனச்சேன்.

முடிஞ்சப்பறம் பக்கத்து வரிசைக்காரன் வந்து என் கையக் குலுக்கினான். நானும் நாடகத்துல ஒரு ஆளுன்னு நெனச்சுட்டானாம்.

திரும்பி கார்ல வர்றோம். முகத்துல மை கரைஞ்சு ஓடியிருக்கு, இவ ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வர்றா. நான்தான் ஆரம்பிச்சேன். 'பிரமாதம்மா. அதுலயும் நீ அழுதியே ஒரு எடம், ஏ ஒன்'னேன். அவ திரும்பாமயே, 'அது நாடகத்துல இல்லப்பா'ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நான் பேசினதக் கேட்டீங்களா'ன்னா. 'கேட்டேன் கேட்டேன், கேக்காம'ன்னேன். மாப்ள கண்ணாடியில என்னையப் பாத்தாரு. 'என்ன பேசினேன்'னா. 'இங்கிலீஷ்ல பேசினா எனக்கு எங்கம்மா புரியுது'ன்னேன்.

கோவப்பட்டிருந்தாக் கூட பரவால்ல சார். 'சாப்பிடுங்கப்பா', 'மாத்திரை போட்டீங்களாப்பா', அவ்வளவுதான். நாடகம் இன்னும் மூணு நாள் நடந்துச்சு. 'நாளைக்கும் வர்றேன்ம்மா'ன்னேன். 'டிக்கெட் தீந்துருச்சுப்பா'ன்னா. மாப்ள போன்ல பாத்துட்டு இருபது சீட்டு காலியா இருக்குன்னாரு. ஜோதி ஏன் தீந்துருச்சுன்னு சொன்னாளோ தெரியல. வேலை அலுப்புல சரியாப் பாத்திருக்க மாட்டா. அந்தப் பொன்னாடை அவ ரூம்ல நாற்காலி முதுகுல கிடக்கு. மடிச்சு வைக்கவும் இல்ல, என்கிட்டத் திருப்பிக் குடுக்கவும் இல்ல. தெனமும் அந்தப் பக்கம் போறப்ப எட்டிப் பாப்பேன். கிடக்கும். வீட்டுல நடந்தா என் காலடிச் சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுச்சு. நாலாம் நாள் சொல்லிட்டேன், எனக்கு டிக்கெட்ட மாத்திக் குடுங்கன்னு. 'இருங்கப்பா'ன்னு அவ சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல.

இதுல என் தப்பு என்ன சார்? ஒரு கலைஞனுக்கு மரியாதை பண்ணேன். அதுவும் அவ நாடகம் நல்லா இருந்துச்சுங்கறதுக்குத்தான பண்ணேன்? மொதல்ல ஊரானுக்கு, அப்பறம் எம் பொண்ணுக்குன்னு பையில இன்னொண்ணு இருந்துச்சு. மயில் கழுத்துக் கலர். அவளுக்குன்னே பாத்து வாங்கினது. கடைசியா போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ளதான் என்னைக் கீழ எறக்கிட்டாங்களே.

இது என்ன ஊரு, கீழவளவா? அதுக்குள்ள வந்துட்டமா? பஸ் இன்னிக்கின்னு பாத்துப் பறக்குது.

திருப்பியும் போன். இருங்க.

...கீழவளவுன்னு சொல்லிட்டேன். வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்காளாம். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்ட்டு வச்சிருக்காளாம், ஜோதி பேசினதக் கேக்க. 'மறந்துறாதீங்க, வரிசையாச் சொல்லணும்'ங்கறா. நான் என்னத்த வரிசையாச் சொல்றது?

அதான் சார் இந்தக் கவர். ஏர்போர்ட்டுல உள்ள போறப்ப ஜோதி கையில திணிச்சா. 'அம்மாகிட்டக் குடுத்துருங்க'ன்னா. அவ்வளவுதான். எனக்குன்னு ஒண்ணும் சொல்லல. ஒட்டல, பாருங்க, சும்மா மடிச்சுத்தான் வச்சிருக்கா. தொட்டுப் பாத்தேன், நாலஞ்சு தாளு இருக்கும். அந்த வசனத்தத்தான் தமிழ்ல எழுதியிருப்பா, வேற என்ன? பஞ்சவர்ணத்துக்கு இங்கிலீஷ் வராதுல்ல. ஏரோப்பிளேன்ல பதினோரு மணி நேரம் மடியிலயே வச்சிருந்தேன், பிரிக்கல. அடுத்தவங்க கடுதாசியப் பிரிக்கக்கூடாது. ஆனா பொண்டாட்டிக்கு வந்தது அடுத்தவங்க கடுதாசியா சார்? அவ படிக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருந்தா வாசல்ல எறங்கும்போதே நாலு வரிய எடுத்து விட்டுருவேன். கவுரவமாப் போயிரும்.

கண்ணாடி பெரிய பெட்டியில மாட்டிக்கிச்சு. உங்ககிட்ட இருக்குல்ல? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார். முழுசா வேணாம், மொதல்ல கொஞ்சம், கடைசியில கொஞ்சம். நடுவுல நான் சமாளிச்சுக்கறேன். இந்தாங்க. மெதுவா, பஸ் ஆடுது. எழுத்து நல்லா இருக்கும், சின்னதுலயே கையெழுத்துப் போட்டியில பரிசு வாங்கினவ. அந்தப் பரிசுக்கும் நான்தான் மைக்...

சரி, சரி. படிங்க.

என்ன? மேல தனியா எழுதியிருக்கா? அதையும்தான் படிங்க.

'அம்மா, அப்பா காருக்குப் போயிருந்த நேரத்துல நான் பேசினது இது.'

அப்படியா போட்டிருக்கு? நல்லாப் பாருங்க சார். காருக்குன்னா போட்டிருக்கு?

நான் சொல்லலியே. மாப்ளயும் சொல்லிருக்க மாட்டாரு. அவருக்கு வாயே கிடையாது.

அடுத்த வரி என்ன? 'பேச ஆரம்பிக்கறப்ப நிமிந்து பாத்தேம்மா. நாற்காலி காலியா இருந்துச்சு. வந்துருவாரு, வந்துருவாருன்னு பாத்துக்கிட்டே பேசினேன். எட்டாவது படிக்கறப்ப ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னேனே, அதே மாதிரி இருந்துச்சு. ஆனா இந்தத் தடவ பேசி முடிச்சுட்டேம்மா. அப்பாவத் திட்டாத. அவரு கேட்டா மட்டும் வாசிச்சுக் காட்டு.'

...

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய். போதும்.

மறக்கலல்ல சார் அவ. எட்டாவது படிக்கறப்ப நடந்தத. இத்தன வருஷமா மனசுலயே வச்சிருக்கு பிள்ள. நாப்பது வரியையும் காலி நாற்காலியப் பாத்தே பேசியிருக்கா. தோசைக் கல்லுகிட்ட நின்னு சொல்லிக் காட்டட்டுமான்னு கேட்டாளே சார். நான் ஜெனரேட்டர்னு போயிட்டேன். தப்புப் பண்ணிட்டேன் சார். பெரிய தப்புப் பண்ணிட்டேன்.

போன் அடிக்குது பாருங்க, வீட்டுலதான். பஞ்சவர்ணம், கேளு. நான் கேக்கல. ஜோதி பேசினப்ப நான் அங்க இல்ல. காருக்குப் போயிட்டேன், பொன்னாடை எடுக்க. ஆமா. ஆமா, திட்டு. இல்ல, திட்டு நீ. அவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிரு. நான் வரக் கொஞ்சம் நேரமாகும்.

கண்டக்டர் சார், திருப்பத்தூர் வந்துருச்சுன்னு தெரியுது. எறங்கல. எறங்கலங்க. காரைக்குடிக்கு ஒரு டிக்கெட்டுப் போடுங்க. பெட்டியெல்லாம் இருக்கட்டும்.

கவரத் திருப்பிக் குடுத்துறாதீங்க சார். புடிங்க. அவ பேசினத மொத வரியிலேருந்து படிங்க. ஒண்ணையும் விடாம எல்லாத்தையும் படிங்க. நான் குறுக்க பேச மாட்டேன்.